எலக்ட்ரான் கவர்தன்மை வித்தியாசம் 1.7: எங்கே உதவும், எங்கே காலை வாரும்?

கோத்தகிரி டியூஷன் டீச்சர்:

வணக்கம். கோத்தகிரியில் சாயங்காலம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். நான் படித்தது கணிதம். வேதியியலைத் துணைப்பாடமாகப் படித்ததோடு சரி. எடுக்க வேறு ஆள் இல்லாததால் அதுவும் என் தலையில் விழுந்தது. அதனால் கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வேதிப் பிணைப்பு பாடம் நடக்கிறது. தனிம வரிசை அட்டவணையைப் பார்த்து, இரண்டு தனிமங்கள் சேர்ந்தால் என்ன பிணைப்பு வரும் என்று சொல்ல வேண்டும். நான் சொல்லிக்கொடுத்தது எல்லோருக்கும் தெரிந்த முறைதான். எலக்ட்ரான் கவர்தன்மை, அதாவது பிணைப்பில் இருக்கிற எலக்ட்ரானை ஓர் அணு தன் பக்கம் இழுக்கிற திறன், அதன் மதிப்புகளைக் கழி. 1.7-க்கு மேல் வந்தால் அயனிப் பிணைப்பு (ஒன்று எலக்ட்ரானைக் கொடுக்கும், மற்றது வாங்கும்). அதற்குக் கீழே முனைவுள்ள சகப்பிணைப்பு (சமமில்லாமல் பகிர்ந்துகொள்ளும்). 0.4-க்கும் கீழே போனால் முனைவற்ற சகப்பிணைப்பு.

ஒரு பெண் வீட்டில் உட்கார்ந்து வரிசையாகக் கழித்துப் பார்த்துவிட்டு மறுநாள் நோட்டோடு வந்தாள். ஹைட்ரஜன் ஃபுளோரைடு: 3.98-இல் 2.20 போக 1.78. விதிப்படி அயனி, புத்தகத்தில் முனைவுள்ள சகப்பிணைப்பு. சோடியம் அயோடைடு: 2.66-இல் 0.93 போக 1.73. ஹைட்ரஜன் ஃபுளோரைடை விடக் குறைவுதான், ஆனால் அது சந்தேகமில்லாத அயனிச் சேர்மம். சிலிக்கான் டெட்ராஃபுளோரைடுக்கு 2.08 வருகிறது, அதுவோ வாயு. “வாயு எப்படி மிஸ் அயனிச் சேர்மம் ஆகும்?” என்று கேட்டாள். “விதிவிலக்கு உண்டும்மா” என்று அன்றைக்கு ஒப்பேற்றிவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்தால் ஒத்துக்கொண்ட மாதிரி இல்லை.

இன்னொரு பையன். அவன் அப்பாவுக்கு ஒரு ஏக்கர் சொச்சம் தேயிலை இருக்கிறது. ஷெட்டில் கிடக்கிற மூட்டைகளின் பெயர்களை எழுதிக்கொண்டு வந்துவிட்டான்: யூரியா, பொட்டாஷ், அமோனியம் சல்பேட், டோலமைட், ஜிங்க் சல்பேட். “இதில் எது எந்தப் பிணைப்பு மிஸ்?” பொட்டாஷுக்கு (பொட்டாசியம் குளோரைடு) மட்டும்தான் என்னால் டக்கென்று பதில் சொல்ல முடிந்தது.

மதிப்புகள் கையில் இல்லாமல், அட்டவணையில் இருக்கிற இடத்தை மட்டும் வைத்து ஓரளவு நம்பகமாகச் சொல்ல வழி இருக்கிறதா? அந்த 1.7 எங்கிருந்து வந்தது? தெரிந்தவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

மூன்றாம் ஆண்டு கெமிஸ்ட்ரி, ஊட்டி:

அக்கா, ரொம்ப யோசிக்க வேண்டாம். அட்டவணையில் போரானுக்குக் கீழே படிக்கட்டு மாதிரி இறங்குகிற கோடு இருக்கிறதல்லவா? அதற்கு இடப்பக்கம் உலோகம், வலப்பக்கம் அலோகம். உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனி. அலோகமும் அலோகமும் என்றால் சகப்பிணைப்பு. இரண்டுமே உலோகம் என்றால் உலோகப் பிணைப்பு. நீங்கள் சொன்ன ஹைட்ரஜன் ஃபுளோரைடிலும் சிலிக்கான் டெட்ராஃபுளோரைடிலும் உலோகமே கிடையாது, அதனால் சகப்பிணைப்பு. சோடியம் உலோகம், அதனால் அயனி. கதை முடிந்தது. நுழைவுத் தேர்வில் எண்ணைக் கழித்துக்கொண்டு உட்கார நேரம் இருக்காது.

இந்து நகர் பழைய ஆள்:

டீச்சர், அந்தப் பெண் கேட்டது சரியான கேள்வி. விதிவிலக்கு என்று சொல்லி அவளை அனுப்பிவிடாதீர்கள். அவள் கொடுத்த மூன்று உதாரணங்களும் ஒரே காரணத்தால்தான் இடிக்கின்றன.

தம்பி சொன்ன படிக்கட்டுக் கோட்டு முறையை முதல் பார்வைக்கு நானும் ஒத்துக்கொள்கிறேன். டீச்சரின் மூன்று உதாரணங்களுக்கும் அது சரியாகவே விடை சொல்கிறது. ஆனால் தம்பி, அதே பையன் கொண்டுவந்த மூட்டைப் பட்டியலில் அமோனியம் சல்பேட் இருக்கிறதே, பார்த்தீர்களா? நைட்ரஜன், ஹைட்ரஜன், கந்தகம், ஆக்சிஜன். மருந்துக்குக்கூட உலோகம் இல்லை. ஆனாலும் அது அயனிச் சேர்மம். மறுபக்கம் டின் டெட்ராகுளோரைடு. வெள்ளீயம் உலோகம், குளோரின் அலோகம். உங்கள் கணக்குப்படி உப்பு மாதிரி கட்டியாக இருக்க வேண்டும். அறை வெப்பநிலையில் அது திரவம், 114 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். ஆகவே கதை முடியவில்லை.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் ஆசிரியர் இல்லை. ஊட்டி இந்து நகரில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸில் எமல்ஷன் பக்கம், அதாவது ஃபிலிமில் பூசுகிற வெள்ளி உப்புக் கலவை தயாரிக்கிற இடத்தில், வேலை பார்த்தவன். வேதியியல் எனக்கு வெள்ளி உப்புகள் வழியாகத்தான் பழக்கம். அதனால் உதாரணமும் அங்கிருந்துதான் வரும்.

முதலில் கழித்தல் கணக்கு. எலக்ட்ரான் கவர்தன்மை வித்தியாசம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது: பிணைப்பில் இருக்கிற எலக்ட்ரான் எந்த அளவுக்கு ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது? அந்த இரண்டு அணுக்களும் எலக்ட்ரானை இறுக்கிப் பிடிக்கிற ரகமா, தளர விடுகிற ரகமா என்று அது சொல்லவே சொல்லாது. நம்பிக்கை இல்லையென்றால் குளோரின் வாயுவையும் சோடியம் உலோகத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். குளோரினுக்குக் குளோரின் வித்தியாசம் பூஜ்யம். சோடியத்துக்குச் சோடியமும் பூஜ்யம். ஒன்று பச்சை கலந்த மஞ்சள் வாயு, சகப்பிணைப்பு. மற்றது கத்தியால் நறுக்கக்கூடிய உலோகம், மின்சாரம் கடத்தும். வித்தியாசம் ஒன்றேதான், பிணைப்பு வேறு. அப்படியானால் இரண்டாவதாக ஓர் எண் வேண்டும்.

அந்த இரண்டாவது எண் சராசரி. இரண்டு மதிப்புகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் போதும். இதைப் படமாகவே போட்டு வைத்திருக்கிறார்கள். நெதர்லாந்துக்காரர் வான் ஆர்க்கெல் 1941-இல் ஒரு முக்கோணம் வரைந்தார், கெட்டலார் 1947-இல் அதை மேம்படுத்தினார். கீழ்க்கோட்டில் சராசரி, மேல்நோக்கி வித்தியாசம். கீழே இடது மூலையில் உலோகப் பிணைப்பு, கீழே வலது மூலையில் சகப்பிணைப்பு, உச்சியில் அயனிப் பிணைப்பு. உச்சியில் உட்கார்ந்திருப்பது சீசியம் ஃபுளோரைடு. வகுப்பில் கரும்பலகையில் இந்த முக்கோணத்தை வரைந்து பிள்ளைகளையே புள்ளி வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் கணிதம் என்பதால் உங்களுக்கு இது இன்னும் சுலபம்.

இப்போது அந்தப் பெண்ணின் மூன்று உதாரணங்கள். சோடியம் அயோடைடின் சராசரி சுமார் 1.8. ஹைட்ரஜன் ஃபுளோரைடுக்கு 3.09. சிலிக்கான் டெட்ராஃபுளோரைடுக்கு 2.94. முக்கோணத்தில் முதலாவது இடப்பக்கமும் மற்ற இரண்டும் நன்றாக வலப்பக்கமும் போய் விழும். வித்தியாசம் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும் இடம் வேறு. அயனிப் பகுதிக்கும் சகப்பிணைப்புப் பகுதிக்கும் நடுவே இருக்கிற எல்லை நேர்க்கோடாகப் படுத்திருக்கவில்லை, சாய்வாக ஏறுகிறது. வலப்பக்கம் போகப் போக, அயனி என்று சொல்வதற்கு இன்னும் பெரிய வித்தியாசம் தேவைப்படுகிறது.

ஏன் அப்படி? சோடியத்திடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க ஒரு மோலுக்கு 496 கிலோஜூல் போதும். ஹைட்ரஜனிடமிருந்து பிடுங்க 1,312 கிலோஜூல் வேண்டும். அப்படியே பிடுங்கினாலும் மிஞ்சுவது வெறும் புரோட்டான். அது தனியாக நிற்காது, பக்கத்தில் இருக்கிற எலக்ட்ரான் மேகத்துக்குள் போய்ப் புதைந்துகொள்ளும். சிலிக்கானிடமோ நான்கு எலக்ட்ரான்களை உருவ வேண்டும். நான்காவதை உருவுவதற்குள் ஆகிற செலவை எந்த ஃபுளோரினும் ஈடுகட்டாது. எனவே பகிர்ந்துகொள்கின்றன. ஃபுளோரின் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். நான்கு பக்கமும் சமச்சீராக ஃபுளோரின் சூழ்ந்த தனித்தனி மூலக்கூறுகள். ஒன்றையொன்று பெரிதாக ஈர்க்காது. அதனால்தான் வாயு.

1.7 எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள். லைனஸ் பாலிங் 1932-இல் எலக்ட்ரான் கவர்தன்மை அளவுகோலைக் கொண்டுவந்தார். வித்தியாசத்தை வைத்துப் பிணைப்பில் அயனித்தன்மை எத்தனை சதவீதம் என்று மதிப்பிட ஒரு சூத்திரமும் தந்தார். அதில் 1.7 போட்டால் ஏறத்தாழ பாதி, அதாவது 50 சதவீதம் வரும். அவ்வளவுதான் அதன் பூர்வீகம். ஹைட்ரஜன் ஃபுளோரைடுக்குச் சூத்திரம் 55 சதவீதம் என்று சொல்லும். இருமுனைத் திருப்புத்திறனை (மூலக்கூறில் மின்சுமை எவ்வளவு பிரிந்து நிற்கிறது என்பதன் அளவு) அளந்து கணக்கிட்டால் 40-ஐ ஒட்டித்தான் வருகிறது. ஹைட்ரஜன் குளோரைடுக்குச் சூத்திரம் 20 சொல்லும், அளந்தால் 17. அது ஒரு மதிப்பீடு, சட்டமல்ல. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது எந்த வளைவில் குளிர் முடிகிறது என்று யாராவது கோடு போட முடியுமா? ஆனால் பர்லியாறு வந்ததும் ஸ்வெட்டரைக் கழற்றுகிறோம். 1.7 அந்த மாதிரிதான்.

அடுத்தது என் ஆள், வெள்ளி. அட்டவணையில் 11-ஆம் தொகுதி. உலோகம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. வெள்ளி அயனியின் ஆரம் 115 பிக்கோமீட்டர். சோடியம் அயனிக்கு 102, பொட்டாசியம் அயனிக்கு 138. அளவில் இரண்டுக்கும் நடுவே இருக்கிறது, மின்சுமையும் அதே ஒன்றுதான். ஆக, அதே மாதிரி உப்புகளைத் தரும் என்று நினைப்போம். எங்கள் வேலை என்னவென்றால், ஜெலட்டின் கரைசலில் வெள்ளி நைட்ரேட்டையும் பொட்டாசியம் புரோமைடையும் கலப்பது. பொட்டாசியம் புரோமைடு தண்ணீரில் தாராளமாகக் கரையும், வெள்ளை நிறம், வெளிச்சத்தில் வைத்தாலும் ஒன்றும் ஆகாது. வெள்ளி நைட்ரேட் பட்ட அடுத்த கணமே வெள்ளி புரோமைடாகி, வெளிர் மஞ்சள் நிறத்தில், தண்ணீரில் கரையாத நுண்ணிய படிகங்களாகப் பிரிந்து ஜெலட்டினில் நின்றுவிடும். வெளிச்சம் பட்டால் வெள்ளி உலோகமாக மாறத் தொடங்கிவிடும். அதனால்தான் எல்லாமே இருட்டறை வேலை. வெள்ளி நைட்ரேட் விரலில் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது, வெளியே வந்த பிறகு நகத்தோரம் கறுப்பாகும். எந்த சோப்புக்கும் போகாது, தோல் உரிந்தால்தான் போகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோர் கையும் அப்படித்தான் இருக்கும்.

இந்த வித்தியாசத்தை அட்டவணை முன்கூட்டியே சொல்கிறது. பொட்டாசியத்தின் எலக்ட்ரான் கவர்தன்மை 0.82, வெள்ளிக்கு 1.93. புரோமின் 2.96. பொட்டாசியம் புரோமைடுக்கு வித்தியாசம் 2.14, வெள்ளி புரோமைடுக்கு 1.03 மட்டுமே. வெள்ளியின் ஹாலைடுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஃபுளோரைடு 2.05, குளோரைடு 1.23, புரோமைடு 1.03, அயோடைடு 0.73. தண்ணீரில் கரைவதும் அதே வரிசையில் குறைகிறது. ஃபுளோரைடு நன்றாகக் கரையும், அயோடைடு கரையவே கரையாது என்று சொல்லலாம். படிக அமைப்பிலும் தெரிகிறது. குளோரைடும் புரோமைடும் சோறாக்கும் உப்பின் அமைப்பிலேயே இருக்கின்றன, ஒவ்வோர் அயனியைச் சுற்றியும் ஆறு. அயோடைடுக்கு வந்ததும் நான்காகிவிடுகிறது. சகப்பிணைப்பின் சாயல் கூடியதற்கு இது நல்ல அடையாளம்.

1.03 என்ற எண்ணைப் பார்த்து வெள்ளி புரோமைடை “முனைவுள்ள சகப்பிணைப்பு, மூலக்கூறு” என்று எழுதிவிடவும் கூடாது. சராசரி 2.45. முக்கோணத்தின் நடுப்பகுதி. அங்கே விழுகிற எதற்கும் ஒரே பெயர் ஒட்டாது. அயனிப் படிகம், கணிசமான சகப்பிணைப்புத் தன்மை என்று இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கோத்தகிரி டியூஷன் டீச்சர்:

ஐயா, மிக்க நன்றி. சோடியம், குளோரின் இரண்டுக்கும் பூஜ்யம் என்றதைப் படித்ததும் பளிச்சென்று விளங்கிவிட்டது. முக்கோணத்தை நாளைக்கே வரையப் போகிறேன்.

இரண்டு சந்தேகம் மிச்சம். எண்களை மனப்பாடம் செய்யாமல் பிள்ளைகள் எப்படிச் சமாளிப்பார்கள்? அப்புறம், அலுமினியம் குளோரைடு. ஒரு கைடில் அயனி என்றும் இன்னொன்றில் சகப்பிணைப்பு என்றும் போட்டிருக்கிறது. எதை நம்புவது? மூட்டைப் பட்டியலையும் மறந்துவிடாதீர்கள், பையன் விடமாட்டான்.

கூடலூர் சயின்ஸ் மிஸ்:

மூட்டைப் பட்டியலுக்கு நான் வருகிறேன், என் வகுப்பில் இதைச் செய்து காட்டுவது வழக்கம். கூடலூர் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் வீட்டில் தேயிலையோ காப்பியோ இருக்கும்.

ஒன்பது வோல்ட் பேட்டரி, ஒரு எல்.இ.டி, அதோடு தொடராக 470 ஓம் ரெசிஸ்டர், இரண்டு பென்சில் கரிக்குச்சிகள். பேட்டரிக்கு ஊற்றுகிற வாலை வடிநீர் கடையில் கிடைக்கும். சின்ன டம்ளர்களில் அதை ஊற்றி ஒவ்வோர் உரத்திலும் ஒரு சிட்டிகை கரைத்து, குச்சிகளை ஒன்றையொன்று தொடாமல் முக்க வேண்டும். பொட்டாஷில் எல்.இ.டி நன்றாக எரியும். சிவப்பு நிறப் பொட்டாஷ் வாங்கினால் அடியில் கொஞ்சம் சிவப்பு வண்டல் தங்கும், அது இரும்பு ஆக்சைடு, கண்டுகொள்ள வேண்டாம். அமோனியம் சல்பேட்டிலும் நன்றாக எரியும். ஜிங்க் சல்பேட்டிலும் எரியும். யூரியாவில் எரியாது. சர்க்கரையிலும் எரியாது. டோலமைட் கரையாது, கலங்கலாகவே நிற்கும். அதை வைத்து முடிவுக்கு வர முடியாது.

அமோனியம் சல்பேட் எரிவதைப் பார்த்ததும் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள், ஏனென்றால் அதில் உலோகமே இல்லை என்று அப்போதுதான் எழுதி முடித்திருப்பார்கள். அமோனியாவில் நைட்ரஜனிடம் ஒரு தனி ஜோடி எலக்ட்ரான் இருக்கிறது. அதை ஒரு ஹைட்ரஜன் அயனிக்கு முழுசாகக் கொடுத்துப் பிணைத்துக்கொண்டு அமோனியம் அயனி ஆகிறது. ஈதல் சகப்பிணைப்பு. அந்த அயனி மொத்தமாக ஒரு பொட்டாசியம் அயனி மாதிரி நடந்துகொள்கிறது.

ஒரு எச்சரிக்கை: பொட்டாஷ் கரைசலில் நேர்முனைப் பக்கம் கொஞ்சம் குளோரின் வரும். சில விநாடிகளில் குச்சியை எடுத்துவிடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இந்து நகர் பழைய ஆள்:

கூடலூர் மிஸ் சொன்ன பரிசோதனை அருமை. அதில் ஒரு பொறி இருக்கிறது, அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். தண்ணீரில் கரைத்து மின்சாரம் போனால், கரைசலில் அயனி இருக்கிறது என்றுதான் அர்த்தம். கரைவதற்கு முன்பும் அயனியாகத்தான் இருந்தது என்று அர்த்தமில்லை. ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக இருக்கும்போது முனைவுள்ள சகப்பிணைப்பு மூலக்கூறு. தண்ணீரில் விட்டால் அயனிகளாக உடைந்து அமோகமாகக் கடத்தும்.

அலுமினியம் குளோரைடு விஷயத்தில் கைடுகள் குழம்புவதும் இங்கேதான். அது தண்ணீரில் கடத்தும், அதைப் பார்த்து அயனி என்று ஒருவர் எழுதிவிடுகிறார். தண்ணீர் இல்லாமல் சூடாக்கிப் பார்த்தால் சுமார் 180 டிகிரியில் உருகாமலேயே பதங்கமாகிவிடுகிறது. ஆவியில் இருப்பது இரண்டு அலுமினியமும் ஆறு குளோரினும் சேர்ந்த மூலக்கூறு. அழுத்தத்தில் வைத்து உருக்கினாலும் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. வித்தியாசம் 1.55, சராசரி 2.4-ஐ ஒட்டி. ஆகவே சகப்பிணைப்பு என்று எழுதுங்கள். அலுமினியம் ஃபுளோரைடு வேறு ஜாதி. வித்தியாசம் 2.37, பதங்கமாவதற்கே 1,200 டிகிரிக்கு மேல் போக வேண்டும். அது அயனி. உலோகம் அதே அலுமினியம்தான், துணைக்கு வந்தவர் மாறியதால் பிணைப்பும் மாறிவிட்டது. அலுமினியம் உலோகம் எடுக்க 1886-இல் ஹாலும் ஹெரூல்ட்டும் கண்டுபிடித்த முறையில் குளோரைடை விட்டுவிட்டு ஆக்சைடை உருகிய கிரையோலைட் என்ற ஃபுளோரைடு உப்பில் கரைக்கிறார்கள். உருகிய நிலையில் கடத்தாத பொருளை வைத்துக்கொண்டு மின்னாற்பகுப்பு செய்ய முடியாதே.

இங்கேதான் ஃபஜான் விதி உதவும். 1923-இல் சொன்னது. நேர் அயனி சிறிதாகவும் அதன் மின்சுமை அதிகமாகவும் இருந்தால், பக்கத்தில் இருக்கிற பெரிய எதிர் அயனியின் எலக்ட்ரான் மேகத்தைத் தன் பக்கம் இழுத்துக் குலைத்துவிடும். மின்சுமை மூன்றைத் தொட்டாலே அயனி என்று எழுதுவதற்கு முன் ஒரு தடவை யோசிக்க வேண்டும். இரும்பில் பாருங்கள்: இரண்டு குளோரின் சேர்ந்தது 677 டிகிரியில் உருகுகிறது, மூன்று சேர்ந்தது 300-ஐ ஒட்டியே உருகிவிடுகிறது. வெள்ளீயத்தில் இரண்டு குளோரின் என்றால் 247 டிகிரியில் உருகும் திண்மம், நான்கு என்றால் முன்பு சொன்ன திரவம். மாங்கனீசு இன்னும் வேடிக்கை. ஓர் ஆக்சிஜன் சேர்ந்த ஆக்சைடு 1,800 டிகிரிக்கு மேல் உருகும் பச்சைத் தூள். ஏழு ஆக்சிஜனுக்கு இரண்டு மாங்கனீசு என்றால் பச்சை நிற எண்ணெய், வெடிக்கும். தனிமங்கள் அதே இரண்டு, எலக்ட்ரான் கவர்தன்மையும் அட்டவணையில் அதேதான். வித்தியாசத்தை மட்டும் கழித்தால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆக்சிஜனேற்ற எண்ணையும், அதாவது அயனி என்று வைத்துக்கொண்டால் அந்த அணுவுக்கு வரும் மின்சுமையையும், பார்க்க வேண்டும்.

உருகுநிலையை வைத்துத் தீர்ப்பு சொல்வதிலும் ஒரு விலக்கு. குவார்ட்ஸ் கல் 1,700 டிகிரி வரை அசையாது, ஆனால் அதில் இருப்பது சிலிக்கான், ஆக்சிஜன் சகப்பிணைப்பு வலை. தனி மூலக்கூறு கிடையாது, கல் முழுவதும் ஒரே பின்னல். வைரமும் அப்படியே. உருகுநிலை மிகக் குறைவாக இருந்து, பொருள் உலோகமும் இல்லையென்றால், பெரும்பாலும் மூலக்கூறு என்று சொல்லலாம். அதிகமாக இருந்தால் அயனியா, வலைப்பின்னலா, உலோகமா என்று மேலும் பார்க்க வேண்டும்.

மனப்பாடத்துக்கு வருகிறேன். இரண்டாம் தொடரை மட்டும் நினைவில் வைத்தால் போதும். லித்தியம் 1, பெரிலியம் 1.5, போரான் 2, கார்பன் 2.5, நைட்ரஜன் 3, ஆக்சிஜன் 3.5, ஃபுளோரின் 4. அரை அரையாக ஏறுகிறது. பாலிங்கின் பழைய மதிப்புகள் அப்படித்தான், புதிய மதிப்புகளுக்கும் இவற்றுக்கும் பெரிய தூரம் இல்லை. மூன்றாம் தொடரில் சோடியம் 0.9-இல் தொடங்கி 1.2, 1.5, 1.8, 2.1, 2.5 என்று ஏறிக் குளோரினில் 3. முதல் தொகுதியில் கீழே போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். நடுவில் இருக்கிற இடைநிலை உலோகங்களில் பாடத்தில் அடிக்கடி வருபவை பெரும்பாலும் 1.5-க்கும் 2-க்கும் இடையில். ஹைட்ரஜனைப் போரானுக்கும் கார்பனுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள், முதல் தொகுதியின் தலையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

மூட்டைப் பட்டியலில் மிச்சம் டோலமைட். கவாத்து முடிந்ததும் மண்ணின் புளிப்பைக் குறைக்கப் போடுவார்களே, அதுதான். கால்சியம், மக்னீசியம் இரண்டும் நேர் அயனி, கார்பனேட் எதிர் அயனி, நடுவே அயனிப் பிணைப்பு. கார்பனேட்டுக்குள் கார்பனும் ஆக்சிஜனும் சகப்பிணைப்பில் இருக்கின்றன. “இது அயனியா, சகப்பிணைப்பா” என்று ஒரு மூட்டையைக் காட்டிக் கேட்டால், “எந்த இரண்டு அணுக்களுக்கு நடுவே?” என்று பையனையே திருப்பிக் கேளுங்கள்.

இதற்கு ஆகச்சிறந்த உதாரணம் மயில்துத்தம், அதாவது நீர் சேர்ந்த தாமிர சல்பேட். உருளைக்கிழங்குக்கு அடிக்கிற போர்டோ கலவையில் சுண்ணாம்போடு சேர்ப்பது. தாமிர அயனிக்கும் சல்பேட் அயனிக்கும் நடுவே அயனிப் பிணைப்பு. சல்பேட்டுக்குள் கந்தகமும் ஆக்சிஜனும் சகப்பிணைப்பு. தாமிரத்தோடு நான்கு நீர் மூலக்கூறுகள் ஈதல் சகப்பிணைப்பு. ஐந்தாவது நீர் ஹைட்ரஜன் பிணைப்பில் தொங்குகிறது. ஒரே நீலக் கட்டியில் நான்கு வகை. இரும்புக் கரண்டி வேண்டாம், பீங்கான் கிண்ணத்தில் போட்டு மெல்லச் சூடாக்கினால் நீர் போய் வெள்ளையாகும். ஆறியதும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அந்த இடத்தில் மட்டும் நீலம் திரும்பும். பிள்ளைகள் தொட்டுவிட்டால் கை கழுவச் சொல்லுங்கள், விஷம்.

மூன்றாம் ஆண்டு கெமிஸ்ட்ரி, ஊட்டி:

ஐயா, அமோனியம் சல்பேட்டை நான் கவனிக்கவில்லை, சரிதான். ஆனால் ஹைட்ரஜனைப் போரானுக்கும் கார்பனுக்கும் நடுவே வைத்தால் சோடியம் ஹைட்ரைடு என்னாகும்? 2.20-இல் 0.93 போனால் 1.27-தான் வருகிறது. சகப்பிணைப்பா?

இந்து நகர் பழைய ஆள்:

நல்ல கேள்வி தம்பி. வித்தியாசம் 1.27, ஆனால் சராசரியைப் போட்டுப் பாருங்கள்: 1.57-ஐ ஒட்டி. முக்கோணத்தில் நன்றாக இடப்பக்கம். அங்கே இந்த வித்தியாசத்துக்கே அயனி ஆகிவிடுகிறது. ஹைட்ரஜன் இங்கே எலக்ட்ரானைக் கொடுப்பதில்லை, வாங்கிக்கொள்கிறது. அதாவது ஹைட்ரைடு எதிர் அயனி.

ஆதாரம் லித்தியம் ஹைட்ரைடில் இருக்கிறது. அதற்கும் வித்தியாசம் 1.22-தான். உருக்கி மின்சாரம் செலுத்தினால் ஹைட்ரஜன் வாயு நேர்முனையில் வருகிறது. அமிலத்தில் எதிர்முனையில் வருகிற அதே ஹைட்ரஜன்தான். டீச்சர், இதை மட்டும் வகுப்பில் செய்து பார்க்க வேண்டாம். இந்த ஹைட்ரைடுகள் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜனைக் கக்கும், தீப்பிடிக்கவும் செய்யும். கரும்பலகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.